பொன்னெழுத்துப் பந்து

அத்தியாயம் ஐந்து

பந்தைத் தூக்கி மடியில் வைத்ததும் காளிராஜ் ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்தான்.

“ஏழு கிலோ இருக்கும் போல மேடம். இதை உருட்டி விளையாடுவாகளாம். எங்க ஊருல இதைத் தூக்கி அந்தாண்ட வைக்கச் சொன்னாலே கூலி கேப்பாக.”

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று ஓடிய மினி பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக நின்றவன் காளிராஜ். நின்று நின்று முழங்கால் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. இப்போது அவன் நாகஜோதியிடம் கையாள். நாகஜோதி வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள். வக்கீல் காலமான பிறகு மாப்பிள்ளை எப்படி, பெண் வீடு எப்படி என்று விசாரித்துச் சொல்வதையே தொழிலாக்கிக்கொண்டவள். அவளுக்கு முதல் முறையாக ஒரு திருட்டு விவகாரம் வந்திருக்கிறது. திருட்டுப் போனதோ வயிற்றுக்கு ஆகாத, காதுக்கு ஆகாத ஒரு பந்து.

எதிரே பாலமணிகண்டன் உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கொட்டகையில் அவனுடைய பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. சுவரில் அவன் அப்பா சென்னய்யா, மாலை போட்ட படமாக இருந்தார். பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில், கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பௌலிங் கூடத்தில் மெஷின் மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் நகையோடு திரும்பிய காலத்தில் அவர் இந்தப் பந்தோடு திரும்பினார். செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

“இதுல ரெண்டு வகை மேடம்” என்றான் பாலமணிகண்டன். “ரெண்டும் ஒரே அச்சு, ஒரே எடை. ரெண்டுலயும் இந்தத் திருக்கை மீன் செதுக்கியிருக்கும். முதல்ல முந்நூறு பந்துதான் விட்டாங்க. அதுல எழுத்து பொன் நிறம். எழுத்துக்குக் கீழ இருக்கிற நம்பர் ஒண்ணுல ஆரம்பிக்கும். ரெண்டாவது தடவை ஆயிரக்கணக்குல விட்டாங்க. எழுத்து வெள்ளை. நம்பர் ரெண்டுல ஆரம்பிக்கும்.”

காளிராஜ் பந்தைத் திருப்பினான். கரும்பச்சை. உள்ளே புகை சுழன்று உறைந்துபோன மாதிரி. பள்ளமாகச் செதுக்கிய எழுத்துகளில் பளிச்சென்று வெள்ளை. அடியில் நம்பர். ரெண்டுதான்.

“சென்னையில இருந்து மதன்குமார்னு ஒருத்தர் வந்தாரு. இந்தப் பந்துகளைச் சேக்குறவரு. அப்பா போட்டோவைப் பாத்துட்டு, முதல் வகைன்னு நெனச்சு ஓடி வந்தாரு. பையைப் பிரிச்சோம். வெள்ளை எழுத்து. ‘இது ரெண்டாவது தம்பி, ஊரெல்லாம் கெடக்கு’ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. இந்த நம்பர் கணக்கே அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்க அப்பா பந்து பொன்னெழுத்து மேடம். பத்து வயசுல இருந்து பாத்துருக்கேன்.”

“நடுவுல யார்கிட்ட இருந்துச்சு?”

“கோட்டைச்சாமி. எங்க கொட்டகையில இருபத்தஞ்சு வருஷமாத் தறிக்குப் பாவு நூல் சுத்துன பீம் தூக்குற ஆளு. அப்பா செத்த வாரமே அம்மா சொன்னாங்க, செத்தவர் ஆசையா வச்சிருந்த சாமான் தலைத் திவசம் வரைக்கும் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு. அவன் வீட்டுல குடுத்து வச்சோம். திவசம் முடிஞ்சு திருப்பிக் கொண்டாந்தான். நல்லதை வித்துட்டு இதை வாங்கி வச்சிருக்கான்.”

“திருச்சுழிப் பக்கம் இந்தப் பந்து எந்தக் கடையில விக்கிது?” என்றாள் நாகஜோதி.

“போன்ல தட்டுனா வாசலுக்கு வருது. வெள்ளை எழுத்து சல்லிசு. எவனோ சொல்லிக் குடுத்துருக்கான். அந்த எவனைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். இன்னைக்கு நாலு மணிக்குக் கோட்டைச்சாமியை வரச் சொல்லிருக்கேன். நேரா டவுன் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் எழுதிக் குடுத்துருவேன்.”

நாகஜோதி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, “உங்ககிட்ட ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்” என்றாள். “போன மாசம் நரிக்குடியில இருந்து முத்துராஜ்னு ஒருத்தர் தன் மகனுக்குப் பொண்ணு விசாரிக்கச் சொன்னார். பொண்ணு கோட்டைச்சாமி மக பாண்டிமீனா. நல்ல குடும்பம்னு எழுதிக் குடுத்தவ நான். வர்ற வெள்ளிக்கிழமை பரிசம் போட வாராக. நீங்க இன்னைக்குக் கேஸு குடுத்தா அந்தக் கல்யாணம் இன்னைக்கே நின்னுபோச்சு.”

“அதை அவன் யோசிச்சிருக்கணும்.”

“சரி. காளி அண்ணே, அந்த ஓட்டையில விரலை விட்டுப் பாருங்க.”

பந்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. காளிராஜ் கட்டை விரலை விட்டான், போனது. நடு விரலை விட்டான், அடிவரை போனது. மோதிர விரல் முதல் கணுவிலேயே முட்டி நின்றது.

“மேடம், மோதிர விரலுக்கு மட்டும் அரை டிக்கெட்டு போட்டுருக்காக.”

நாகஜோதி சிரிக்கவில்லை. சென்னய்யா பந்தோடு நிற்கும் போட்டோக்களைக் கேட்டாள். ஐந்து வந்தன. கோயில் வாசலில், தறிக்கொட்டகையில், மகன் கல்யாணத்தில். எல்லாவற்றிலும் மனிதர் ஒரே மாதிரி நின்றார். வலது கை பந்தைத் தாங்கியிருக்க, இடது உள்ளங்கை பந்தின் முகத்தில், எழுத்துக்குக் கீழே. ஐந்தையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

“பந்து சாயந்தரம் வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும்.”

“கொண்டு போங்க. அது யாருக்கு வேணும்.”

காபி டம்ளர்களை எடுக்க வந்த சுப்புலட்சுமி அம்மாள், சென்னய்யாவின் மனைவி, வாசல் நிலையில் நின்றார். “பஸ்ஸுல எதுக்கும்மா அலைக்கழிச்சுக்கிட்டு. இங்கயே இருக்கட்டுமே” என்றார்.

“அம்மா, விடுங்க” என்றான் மகன். அந்த அம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு டம்ளரை எடுக்காமலே போய்விட்டார்.

*

பஸ்ஸில் காளிராஜ் ஜன்னலோரம். மடியில் கட்டைப்பை. பைக்குள் பந்து. இளவட்டக் கண்டக்டர் பையை எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணே, பரங்கிக்காயா?”

“ஆமாடா. சிங்கப்பூர்ப் பரங்கி. வெதை கேக்காத, காப்புரிமை இருக்கு.”

வெளியே ஆவணி வெயில். உழுது போட்ட கரிசல் வாயைப் பிளந்துகொண்டு மழையைப் பார்த்துக் கிடந்தது. அதற்கப்பால் சீமைக்கருவேலம், அதற்கப்பாலும் சீமைக்கருவேலம். நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்று காளிராஜுக்குத் தெரியும்.

“மேடம், கோட்டைச்சாமி திருடியிருந்தா?”

“திருடியிருந்தா நான் எழுதிக் குடுத்தது பொய்யாகும். தொழிலை மூடிட்டு ரெண்டு பேரும் பரங்கிக்காய் விக்கலாம்.”

“திருடலேன்னா?”

“அப்பத்தான் அண்ணே பயமா இருக்கு.”

காளிராஜுக்கு அது புரியவில்லை. புரியாததைக் கேட்டால் அவள் இன்னும் புரியாத ஒன்றைச் சொல்வாள் என்பது அவன் அனுபவம். வாயை மூடிக்கொண்டான்.

திருச்சுழி தாண்டி மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கினார்கள். கோட்டைச்சாமி வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றைச் சுற்றிச் சுற்றித் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துவிட ஆளில்லை. உள்ளே கோட்டைச்சாமி ஒரு துணிப்பையில் இரண்டு கைலியும் ஒரு துண்டும் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கயும் வெளியூரா?” என்றான் காளிராஜ்.

“நாலு மணிக்கு வரச் சொல்லிருக்காக. ஸ்டேஷன்ல எத்தனை நாள் வப்பாகன்னு தெரியல. மாத்துத் துணி வேணுமில்ல.”

அவர் மனைவி ஒச்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்தார். கட்டைப்பையைப் பார்த்ததுமே அதில் என்ன இருக்கிறதென்று தெரிந்துவிட்டது.

“அதை எதுக்கு இந்த வாசலுக்குக் கொண்டாந்தீக? கொட்டகைக்கு முன்னால வச்சு, அம்புட்டுப் பேரு பாக்க, இந்த மனுசனக் கன்னத்துல அறைஞ்சாரு அந்தத் தம்பி. தூக்கி வளத்த பிள்ளை. அறைய வாங்கிட்டு வந்து, ‘தம்பிக்குக் கை வலிச்சிருக்கும்’ங்கிறாரு இவரு. நான் எந்தச் சுவத்துல முட்ட?”

“ஏய், சும்மா இரு” என்றார் கோட்டைச்சாமி.

நாகஜோதி தரையில் உட்கார்ந்தாள். காளிராஜ் பந்தை எடுத்து ஒரு சாக்கின் மேல் வைத்தான்.

“கோட்டை அண்ணே. நேராக் கேக்குறேன். இது வேற பந்தா?”

“அதே பந்துதாம்மா. தம்பிகிட்டயும் அதத்தான் சொன்னேன். இந்தப் பந்தத் தவிர வேற பந்தே நான் கண்ணால பாத்தது கிடையாது.”

“அப்ப பொன்னு எங்க போச்சு?”

கோட்டைச்சாமி மனைவியைப் பார்த்தார். ஒச்சம்மாள் கூரையைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் திருட்டு இல்லை, ஆனால் குற்றம் இருந்தது. எத்தனையோ பேரைத் திருட்டுப் பயணத்தில் பிடித்த காளிராஜுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான், டிக்கெட்டைத் தொலைத்தவன் தன் கையைப் பார்ப்பான். கோட்டைச்சாமி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்கதான் அழிச்சிட்டோம்” என்றார்.

“எப்படி?”

“போன வருசம் ஆயுத பூசை. மொதலாளி செத்து மூணாம் மாசம். அருவா, மம்பட்டி, ஏரு எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வச்சோம். அந்தப் பந்து மட்டும் மூலையில கெடக்கு. மொதலாளி கைபட்ட சாமான். அதுக்கு ஒரு பூசை வேணாமா? இவதான் சொன்னா, அதையும் வெளக்கி வைப்போம்னு.”

“எதை வச்சு வெளக்குனீக?”

“எதை வச்சு வெளக்குவாக?” என்றார் ஒச்சம்மாள். “புளியும் சாம்பலும்தான். குத்துவெளக்கு வெளக்குற மாதிரி, தேங்கா நாரு போட்டு நல்லாத் தேச்சேன். பாத்துக்கிட்டு இருக்கும்போதே கையெல்லாம் பொன்னு. எழுத்துல பொன்னே இல்ல. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு.”

காளிராஜ் பந்தை இன்னொரு முறை பார்த்தான். முந்நூறு பந்துகளில் ஒன்று. உலகத்தில் யாரும் அதைப் புளி போட்டு விளக்கியிருக்க மாட்டார்கள்.

“அழிஞ்ச எழுத்தோட எப்படித் திருப்பிக் குடுக்க?” கோட்டைச்சாமி தொடர்ந்தார். “பக்கத்து வீட்டுல டிராக்டருக்குப் பேரு எழுதிக்கிட்டு இருந்தாரு ஒருத்தரு. அவுகளக் கூட்டியாந்து, வெள்ளைப் பெயிண்டு வச்சு மேல ஒரு கோட்டிங் குடுக்கச் சொன்னேன். பந்துக்குச் சந்தனம் பூசி, திருப்பிக் குடுக்குற வரைக்கும் தெனமும் வெளக்கு வச்சோம். கெடுத்துட்டோமேன்னு.”

“இதைத் தம்பிகிட்டச் சொல்ல வேண்டியதுதான?” என்றான் காளிராஜ்.

“அவுக ‘எங்கடா வித்த’ன்னு கேட்டாக. விக்கலைன்னு சொன்னேன். கெடுத்தியான்னு கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா கால்ல விழுந்து சொல்லிருப்பேன்.”

நாகஜோதி முன்னால் நகர்ந்தாள். அவள் குரல் இறங்கியது. குரல் இறங்கினால் விஷயத்துக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

“அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொன் எழுத்துன்னா திரும்பப் பொன் பெயிண்டு அடிச்சிருக்கலாம். டவுனுல கெடைக்கும். எதுக்கு வெள்ளை அடிச்சீக?”

“பொன்னு போனதும் அடியில வெள்ளையாத்தாம்மா இருந்துச்சு. அங்கங்க தேஞ்சு போன வெள்ளை. சரி, உள்ள இருக்கிறதுதான் அசல் நெறம்போல, மேல இருந்தது ஏதோ தூசி தங்கி மஞ்சளா இருந்திருக்கும்னு நெனச்சேன். அதான் வெள்ளையே அடிச்சேன். தப்பா?”

“தப்பில்ல” என்றாள் நாகஜோதி மெதுவாக. “இந்த விவகாரத்துல ஒரு வார்த்தைகூடத் தப்பாச் சொல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

எழுந்துகொண்டாள். வாசலில் ஆட்டுக்குட்டியை ஒச்சம்மாள் அவிழ்த்துவிட்டார்.

*

மூன்றரை மணி. மறுபடியும் அதே கூடம், அதே தறிச் சத்தம். பந்தை மேஜை மேல் ஒரு துண்டைச் சுருட்டி அதில் வைத்தான் காளிராஜ். பாலமணிகண்டன் பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்து வைத்திருந்தான். சுப்புலட்சுமி அம்மாள் இந்த முறை உள்ளே போகவில்லை. சுவரோரம் நின்றார்.

“பந்து மாறல” என்றாள் நாகஜோதி.

“என்ன மேடம் சொல்றீங்க?”

“உங்க அப்பாவுக்கு வலது கை மோதிர விரல் எப்படி?”

“பாதிதான். சின்ன வயசுல தறி பெல்ட்டுல மாட்டி...” அவன் நிறுத்தினான்.

“போட்டோவுல தெரியுது. பௌலிங் பந்துக்கு ஓட்டை போடுறது ஆளோட கைக்குத் தகுந்த மாதிரி. அவர் மெக்கானிக்கு, தானே அளவெடுத்துத் துளை போட்டிருக்கார். இதுல மோதிர விரல் ஓட்டை மட்டும் பாதி. எவனோ வித்த பழைய பந்துல அப்படி இருக்குமா? இது உங்க அப்பா பந்து. இதைத் தவிர வேற பந்து இந்த வீட்டுக்கு வந்ததும் இல்ல, போனதும் இல்ல.”

கோட்டைச்சாமி வீட்டில் நடந்த புளி, சாம்பல், தேங்காய் நார் எல்லாவற்றையும் சொன்னாள். பாலமணிகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அப்ப நாசம் பண்ணிட்டாங்க. முதல் வகைப் பந்தை...”

“அவசரப்படாதீங்க.” நாகஜோதி சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். திருக்கை மீனின் வால் சுருண்டு வந்து தொடுகிற எழுத்தில், தேங்காய் நார் எட்டாத ஒரு மூலையில், ஊக்கு முனையை வைத்துச் சுரண்டினாள். வெள்ளைத் துகள் உதிர்ந்தது. “இது டிராக்டர் பெயிண்டு.” இன்னும் சுரண்டினாள். கடுகளவு பொன் மின்னியது. “இது நீங்க பத்து வயசுல பாத்தது.” இன்னும் ஆழமாக ஒரு குத்து.

பொன்னுக்கு அடியில் வெள்ளை இருந்தது. பழைய, மஞ்சள் பாய்ந்த வெள்ளை.

“இதுதான் கம்பெனி வெள்ளை” என்றாள்.

காளிராஜுக்கு பஸ்ஸில் அவள் சொன்னது இப்போதுதான் பிடிபட்டது. திருடன் இல்லையென்றால், அந்தத் திருட்டை உண்டாக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

“நம்பர் ரெண்டுலதான் ஆரம்பிக்குது. அது எப்பவும் ரெண்டுதான். எழுத்துக்குப் பொன் பூசலாம், செதுக்கின நம்பரை என்ன பண்ண? அஞ்சு போட்டோ இருக்கு. அஞ்சுலயும் உங்க அப்பாவோட இடது கை எங்க இருக்குன்னு பாருங்க.”

பாலமணிகண்டன் பார்க்கவில்லை. அவனுக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் உள்ளங்கை எங்கே இருக்கும் என்று அவனுக்கு மனப்பாடம்.

“இல்ல” என்றான். “அப்பா அப்படிப்பட்டவர் இல்ல. கூடத்து ஓனரு அவருக்குன்னு குடுத்த பரிசு அது.”

சுவரோரத்திலிருந்து சுப்புலட்சுமி அம்மாள் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார். போதும்டா என்று காளிராஜுக்கு விளங்கியது. தெலுங்கு பேசும் நெசவுக்காரத் தெருக்களில் இருபத்திரண்டு வருஷம் ஆள் ஏற்றியவன்.

பிறகு அவர் தமிழிலேயே பேசினார், நாகஜோதியைப் பார்த்து.

“அந்த பௌலிங் கூடத்தை மூடும்போது, கெடந்ததுல ஒண்ணை எடுத்துக்கோன்னாங்களாம். ஊருக்கு வந்த மறு மாசம் சொந்தக்காரங்க விருந்து. எல்லாரும் அவங்கவங்க கொண்டாந்ததைக் காட்டுறாங்க. இவர் எதைக் காட்டுவாரு? படத்துக்கு பிரேம் போடுற கடையில பொன் பெயிண்டு வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பகல் முழுக்கப் பூசுனாரு. நான்தான் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு விருந்துக்குச் சொன்ன பொய்யி. மகன் அதை நம்பிட்டான். அப்புறம் எடுக்க முடியல.”

“அம்மா, அது தெரிஞ்சேவா இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?” என்றான் பாலமணிகண்டன்.

நாகஜோதி விடவில்லை. “செத்தவர் சாமான் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்களாம்மா?”

அந்த அம்மாள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“அவர்தான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுச் சொன்னாரு. ‘நான் போனதும் பையன் அதை விக்கப் பாப்பான். விக்கப் போனா ரெண்டாவது வகைன்னு தெரிஞ்சுபோகும். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கோட்டை வீட்டுல இருக்கட்டும். வேற ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்த சாமான்னா, கேக்குறவங்க அந்த வீட்டைத்தான் கேப்பாங்க.’”

காளிராஜ் தன் வாழ்நாளில் எத்தனையோ கேட்டிருக்கிறான். இருந்தாலும் அந்தக் கணத்தில் சுவரில் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

“அறைஞ்சதை நீங்க பாத்தீங்களாம்மா?” என்று கேட்டான்.

“மாடியில இருந்து பாத்தேன்.”

நாகஜோதியின் போன் அடித்தது. நரிக்குடி முத்துராஜ். அவள் போனை மேஜையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போட்டாள்.

“அம்மா, நாங்க கேள்விப்படுறது நெசமா? நல்ல குடும்பம்னு எழுதிக் குடுத்தீகளே. இன்னைக்குக் கேஸாமே.”

“கேஸு இல்ல. அவர் திருடல. நான் இப்ப அந்த வீட்டுலதான் இருக்கேன்.”

“திருடலேன்னா அப்ப யாரு?”

பாலமணிகண்டன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். சத்தமில்லாமல், சொல்லாதீங்க என்று உதடு மட்டும் அசைந்தது. நாகஜோதி அவனைப் பார்த்தாள். நெசவுக்காரத் தெருவிலிருந்துதான் அவளுக்குப் பாதிப் பிழைப்பு. வீட்டுக்குள் கேட்டதை வெளியே சொல்லமாட்டாள் என்ற பேர்தான் அவளுடைய முதலீடு. அதை வைத்துத்தான் அம்மாக்கள் அவளிடம் ஜாதகம் கொடுத்தார்கள்.

“செத்துப்போன மொதலாளியே பொன்னைப் பூசி எல்லாரையும் ஏமாத்திருக்கார்” என்றாள் போனில். “சாகும்போது பழியைக் கோட்டைச்சாமி மேல விழுற மாதிரி வச்சிட்டுப் போயிருக்கார். அவர் சம்சாரமே என் முன்னால சொல்லிட்டாக.”

“செத்தவுக எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லவா போறாக” என்றார் முத்துராஜ். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் காளிராஜுக்கு வலித்தது. “நான் நம்புறேம்மா. எங்க பங்காளிக நம்ப மாட்டாக. அடி வாங்குன ஆளு, ஊரே பாத்துருக்கு. வெள்ளிக்கிழமை வரல. பெறகு பாக்கலாம்.”

போன் அணைந்தது. பெறகு என்றால் எப்போது என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

*

சரியாக நாலு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி. கையில் துணிப்பை. பின்னால் ஒச்சம்மாள்.

“வந்துட்டேன் தம்பி” என்றார் கோட்டைச்சாமி.

பாலமணிகண்டன் தரையைப் பார்த்தான். “ஸ்டேஷன் இல்ல. நீங்க போகலாம்.”

“கேஸு வேணாமா தம்பி?”

கோட்டைச்சாமி மேஜை மேல் இருந்த பந்தைப் பார்த்தார். மேடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார் போல. நேராகச் சுவரிலிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார். பையைக் கீழே வைத்தார்.

“மொதலாளி, தெரியாமச் செஞ்சிட்டோம். நீங்க நம்பிக் குடுத்த சாமானை அழிச்சிட்டோம். மன்னிச்சிருங்க.”

இரண்டு கையும் சேர்ந்து நெஞ்சுக்கு ஏறியது.

“கும்பிடாதீங்க, கோட்டை” என்றார் சுப்புலட்சுமி அம்மாள்.

கோட்டைச்சாமி திரும்பினார்.

“கும்பிடாதீங்க. நம்பிக் குடுக்கல.” பிறகு அந்த அம்மாள் தன் வாயாலேயே சொன்னார். பெயிண்டு, விருந்து, ஆஸ்பத்திரி, கடைசி வார்த்தை. ஒன்றையும் குறைக்கவில்லை. மகன் நடுவில் ஒரு முறை அம்மா என்றான். அவர் நிறுத்தவில்லை.

கேட்டு முடிக்கும்வரை கோட்டைச்சாமியின் கை நெஞ்சுக்கு நேராகவே நின்றது, எங்கே வைப்பது என்று தெரியாமல். ஒச்சம்மாள்தான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“நரிக்குடிக்கு நான் வாரேன்” என்றார் சுப்புலட்சுமி அம்மாள். “இப்பவே கார் எடுக்கச் சொல்றேன். அவங்க வாசல்ல நின்னு நானே சொல்றேன். என் வார்த்தைய நம்புவாங்க.”

“பஸ்ஸுல வரும்போதே நரிக்குடிக்காரக போன்ல வரலைன்னு சொல்லிட்டாக” என்றார் ஒச்சம்மாள். “மகளும் போன்லயே சொல்லிருச்சு. சந்தேகத்தோட கூட்டிட்டுப் போற வீடு எனக்கு வேணாம்மா, ஆயுசுக்கும் கொட்டாவி விட்டாக் கூட காரணம் கேப்பாகன்னுருச்சு. அது சொன்னதுதான் சரி.”

“இல்ல ஒச்சம்மா, நான் வந்து சொன்னா...”

“வேணாம்மா.” கோட்டைச்சாமி பேசினார். சத்தம் கூட்டவில்லை. “நீங்க வந்து சொன்னா, இந்த வீட்டுல சொல்லித்தான் நான் நல்லவன்னு ஆகும். இருபத்தஞ்சு வருசமா அப்படித்தான இருந்தேன்.”

குனிந்து பையை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பாலமணிகண்டன் அறைந்த கையை மடியில் ஒளித்து வைத்திருந்தான்.

காளிராஜ் அவர்களுக்குப் பின்னால் வாசல்வரை போனான். கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே பீம் தூக்க வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

கோட்டைச்சாமி தெருவில் இறங்கி நின்றார். இருபத்தைந்து வருஷம் காலையும் மாலையும் நடந்த தெரு. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒச்சம்மாள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.